ஆளில் பெண்டிர் மனையும் வறுமையுணர்வும்

தமிழிலக்கியத்தில் வறுமை புதிய பொருளன்று. பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் ஆகியோர் தம் இன்மையைத் தாமே எடுத்துரைக்கும் பாடல்கள் புறநானூற்றிலும் ஆற்றுப்படை நூல்களிலும் பலவாக உள. அவற்றை ஆராய்ந்த அறிஞர் பரிசிலர் வாழ்க்கை என்னும் தலைப்பின்கீழ் அவ்வறுமையை விரிவாக விளக்கியுள்ளனர். ஆயின், தந்தையை இழந்து, தாய் ஒருத்தியின் உழைப்பில் சிறுவர் வளரும் மனையில் வறுமை எவ்வாறு இருந்தது, அதனை அச்சிறுவர் எவ்வாறு உணர்ந்தனர் என்னும் வினாத் தனியே எடுத்துக்கொள்ளப்படுதல் அரிது. இக்காலச் சமூகவியலார் ஒற்றைப் பெற்றோர் குடும்பம் என வழங்கும் இம்மனை சங்கச் செய்யுட்களில் உளதா, உளதாயின் எவ்விடத்தில் எவ்வடிவில் உளது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் காணும் முடிவை முன்னரே கூறிவிடுதல் நன்று. பாணனது வறுமைக்குச் சங்கப் புலவர் ஓர் இலக்கிய வகையையே வகுத்தனர், அதுவே ஆற்றுப்படை. ஆண்துணையற்ற பெண்ணின் வறுமைக்கு அத்தகைய வகை ஒன்றும் இல்லை. அவள் வறுமை பேசப்படவில்லை, ஆயினும் மறைந்துவிடவில்லை. உவமையிலும் பின்புலக் காட்சியிலும் அது தங்கிநிற்கின்றது. அம்மனைச் சிறுவரின் வறுமையறிவோ தாயின் உண்கலத்தை நோக்குவதில் தொடங்குகின்றது. இவ்விரண்டையும் ஈண்டு முறையே நிறுவ முயல்வோம்.

1. இலக்கணம் காட்டும் தொடர்பு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுக்கின்றார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இந்நான்கனுள் இழவும் வறுமையும் ஒருங்கு வைத்து எண்ணப்படுதல் கருதத்தக்கது. உற்றாரை இழத்தலும் பொருளை இழத்தலும் வேறுவேறு நிகழ்ச்சிகளே. எனினும், ஒரு குடும்பத்தைத் தாங்கி நின்றவன் இறக்கும்போது இரண்டும் ஒருநாளில் ஒருவாயில் வழியே மனைக்குள் புகுகின்றன.

அடுத்து, இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கனையும் நிலைக்களனாகக் கூறுகின்றார். ஈண்டு மென்மை என்பதற்கு நல்குரவு எனப் பொருள் காண்பது உரை மரபு. ஆகவே வறுமை அழுகையையும் தரும், இளிவையும் தரும். வறியோன் வருந்துதல் ஒன்று. அவன் பிறர் முன் தாழ்ந்து நாணுதல் மற்றொன்று. இவ்விரண்டனையும் வேறு பிரித்துக் காட்டிய நுண்மை தொல்காப்பியர்க்கு உரியது. இவ்வேறுபாடு பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

புறத்திணையியலில் காஞ்சித்திணைக்குரிய துறைகளைக் கூறுமிடத்துக் கணவனை இழந்தாள் நோற்கும் தாபத நிலையும், மனைவியை இழந்தான் தனித்திருக்கும் தபுதார நிலையும் வைக்கப்பட்டுள்ளன. துணையிழந்த இருபாலாரும் இலக்கணத்தில் இடம்பெற்றனர். ஆயினும் இருவர் நிலையும் ஒன்றன்று. தாபதம் என்னும் சொல்லே நோன்பைக் குறிப்பது. பெண்ணுக்கு உணவும் உறக்கமும் அணியும் கூந்தலும் விதிக்கு உட்பட்டன. ஆணுக்கு அத்தகைய உணவு விதியைப் பாடல்கள் காட்டவில்லை. மனைவியை இழந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடிய புறநானூற்றுப் பாடல் (245) அவன் உள்ளத்துயரை மட்டுமே கூறுகின்றது; அவன் கலத்தைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை.

2. தந்தை வரவை நோக்கும் மனை

தாய் ஒருத்தியின் மனையை விளங்கிக்கொள்ளப் பாணர், புலவர் ஆகியோர் மனையை முதற்கண் காணல் வேண்டும். பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய இரு பாடல்கள் (புறம். 159, 160) இதற்கு ஏற்ற சான்றுகள். முதற்பாடலில் மூன்று தலைமுறையின் பசி ஒரே மனையில் காட்டப்படுகின்றது. வாழ்நாள் முடியவில்லையே என நொந்து, கோலூன்றி முற்றத்தைத் தாண்டவும் இயலாத முதிய தாய் ஒருபுறம். பல குழந்தைகள் பற்றியிழுத்துப் பால் அருந்த மேனி தளர்ந்த மனைவி மற்றொருபுறம். அவள் குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி வெறுநீரில் வேகவைத்து, மோரும் சோறும் மறந்து, அதனையே உண்கின்றாள்.

இரண்டாவது பாடலில் வருவது ஒரு சிறுவன். உணவில்லாத வீட்டை அவன் வெறுத்து மறந்து திரிகின்றான். பசிக்கும்போது வந்து தாயிடம் பால் காணாமல், கூழும் சோறும் இருந்த கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் அவனை ஆற்ற மூன்று வழிகளைக் கையாளுகின்றாள். புலி வருகின்றது என்று அச்சுறுத்துகின்றாள், அம்புலியைக் காட்டுகின்றாள், இரண்டும் பயன்படாதபோது, நின் தந்தையை நினைத்து நீ சினக்கும் முகத்தைக் காட்டு என்கின்றாள்.

இம்மூன்றாவது வழி ஆழ்ந்து நோக்கத்தக்கது. பரிசில் நாடிச் சென்ற தந்தை மனையில் இல்லை. அவ்வகையில் இதுவும் சின்னாள் தாய் ஒருத்தியின் மனையே. ஆயின் தந்தை திரும்புவான் என்னும் துணிவு தாய்க்கு உண்டு. ஆகலின் அவன் இல்லாமையையே ஒரு விளையாட்டாக மாற்றிக் குழந்தையின் பசியை ஒரு கணம் மறக்கச் செய்ய அவளால் முடிகின்றது. சினப்பதற்கேனும் ஒரு தந்தை உளன். இப்பாடல் குமணன் அவைக்களத்தில் பாடப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. அழும் குழந்தையின் செய்தி, கொடுக்கக்கூடிய ஒருவன் செவிக்குத் தந்தையின் வாயிலாகச் சென்று சேர்கின்றது.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் மனையும் இத்தகையதே. அங்குக் கிணைமகள் நகத்தால் கிள்ளிய கீரையை உப்பின்றி வேகவைக்கின்றாள். அதனைப் பிறர் காணுதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கின்றாள். உப்பில்லாமை அழுகைக்கு உரியது. கதவடைத்தல் இளிவரலுக்கு உரியது. தொல்காப்பியர் வகுத்த இரண்டும் இக்காட்சியில் ஒருங்கே நிற்கின்றன. ஆயினும் இங்கும் அடைத்த கதவைப் புலவர் திறந்து காட்டுகின்றார். பரிசில் பெற்று மீண்ட பாணன் தன் பழைய நிலையாக இதனைக் கூறுகின்றான். கடந்துபோன வறுமையாதலின் நாணமின்றிக் கூற அவனுக்கு இயல்கின்றது.

3. தந்தை வாராத மனை

இனித் தந்தை திரும்பி வாராத மனைக்கு வருவோம். புறநானூற்றின் 248, 249, 250 ஆகிய மூன்று பாடல்களும் தாபத நிலைத் துறையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய முதற்பாடலில் கைம்பெண் ஒருத்தி ஆம்பலை நோக்கி இரங்குகின்றாள். இளமையில் தழையுடையாக உதவிய அதே ஆம்பல், கணவன் இறந்தபின், வேளை தப்பி உண்ணும் உணவிற்கு அரிசியாகியது. அடுத்த பாடல், இறந்த கணவனுக்குச் சோறு படைக்கச் சுளகு அளவேயான சிறிய இடத்தைக் கண்ணீரால் மெழுகும் மனைவியைக் காட்டுகின்றது. பூதப்பாண்டியன் தேவி பாடிய பாடலும் (246) நெய்யில்லாப் பிழிந்த சோறு, எள்ளுத்துவையல், புளி பெய்து வேகவைத்த வேளைக்கீரை, பாயின்றிப் பரற்கல் மேல் படுக்கை எனக் கைம்மை நோன்பை வரிசைப்படுத்துகின்றது.

இவற்றுள் எம் வினாவிற்கு நேரே விடை தருவது தாயங்கண்ணியார் பாடிய 250-ஆம் பாடல். அது பாடப்படுவது ஒரு வீட்டை நோக்கி. முன்னர்த் தாளித்த துவையலோடு சோற்றை இரவலர்க்கு வழங்கி, அவரை மேற்செல்லவிடாது தடுத்த வாயில் அது. இன்று கூந்தல் களைந்து, வளை நீக்கி, அல்லியரிசி உண்ணும் மனைவியோடு அவ்வீடு பொலிவிழந்து நிற்கின்றது. பாடலின் இறுதியில் புதல்வர் வருகின்றனர். வெண்சோற்றைப் பெற்றபின் இனிய பாலும் வேண்டும் என்று கேட்கும் பருவத்தினர் அவர். அவர்தம் தந்தையே சுடுகாடு சென்றவன்.

ஒரே மனையில் இரண்டு கலங்கள் இருத்தலை இப்பாடல் காட்டுகின்றது. சிறுவர் கலத்தில் சோறும், அதற்குமேல் பால் வேண்டும் விருப்பமும் உள. தாயின் கலத்தில் அல்லி உளது. சிறுவர் இன்னும் பழைய வீட்டில் வாழ்கின்றனர். தாய் புதிய வீட்டில் வாழத் தொடங்கிவிட்டாள். வறுமை முதலில் தாயின் கலத்தில் புகுந்து, பின்னரே பிள்ளைகள் கலத்தை அடைகின்றது. இம்முறையைப் பாடிய தாயங்கண்ணியார் ஒரு பெண்பாற் புலவராதல் இயைபுடையதே.

ஈண்டு ஒரு தடை எழலாம். அல்லி உண்ணல் கைம்மை நோன்பின் பாற்பட்டது. அதனை வறுமை எனல் பொருந்துமோ எனின், அத்தடை ஏற்புடையதே. அரசன் தேவியும் அந்நோன்புக்கு உரியவள் ஆதலின், நோன்பு வேறு இன்மை வேறு. ஆயின் மனையில் இருக்கும் குழந்தை இவ்விரண்டனையும் எங்ஙனம் பிரித்தறியும்? தாய் விதியால் குறைத்து உண்கின்றாளா, இல்லாமையால் குறைத்து உண்கின்றாளா என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். நோன்பு இன்மையை மறைக்கும் திரையாகின்றது. இன்றும் வறிய மனைகளில் எனக்குப் பசியில்லை, இன்று எனக்கு விரதம் என்று கூறித் தன் பங்கைப் பிள்ளைகளுக்கு இடும் தாய்மாரை நாம் அறிவோம். அச்சொல்லின் உண்மைப் பொருளைப் பிள்ளை அறியும் நாளே அது வறுமையை அறியும் நாள்.

4. ஆளில் பெண்டிர் தொழில்

கணவனை இழந்தவள் நோன்பு நோற்றாள் என்பதோடு தாபத நிலைப் பாடல்கள் நின்றுவிடுகின்றன. அவள் பிள்ளைகளை எவ்வாறு காத்தாள்? இவ்வினாவிற்கு விடை அத்துறைப் பாடல்களில் இல்லை. எதிர்பாராத பிறவிடங்களில் உளது.

நற்றிணையில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாடல் ஒன்று (353) தலைவனை நோக்கித் தோழி கூறுவது. உயர்ந்த மலையில் தவழும் மேகத்திற்கு அங்கு ஓர் உவமை வருகின்றது. ஆளில் பெண்டிர் தம் முயற்சியால் ஆக்கிய மிக நுண்ணிய பனுவல் போன்றது மேகம் என்பது அது. பனுவல் என்பது நூற்பதற்கு ஆயத்தமாக்கிய பஞ்சினையும் நூலினையும் குறிக்கும் சொல். ஆள் என்பதைக் கணவன் என்று மட்டும் கொள்ளாது, துணையாகும் ஆடவர் எனப் பொதுவாகக் கொள்ளின், கணவனை இழந்தாரும் மணமாகாதாரும் பிரிந்து தனித்தாரும் அத்தொடரில் அடங்குவர். தாள் என்னும் முயற்சிச் சொல்லைப் புலவர் அவ்விடத்தில் சேர்த்திருப்பதும் வறிதே அன்று. பிறர் கொடையால் அன்றித் தம் உழைப்பால் வாழ்வோர் அவர் என்பது அதனால் பெறப்படுகின்றது.

இச்செய்தி தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. கௌடலியரின் பொருணூல், நூல் நூற்றலை மேற்பார்க்கும் அலுவலன் கைம்பெண்டிர், உறுப்புக் குறையுடைய பெண்டிர், கன்னியர், துறவுபூண்ட பெண்டிர் முதலியோரைக் கொண்டு நூற்கச் செய்தல் வேண்டும் என்றும், நூலின் நுண்மை நோக்கிக் கூலி வரையறுத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. வீட்டை விட்டு வெளிவாராத பெண்டிர்க்கு ஏவற்பெண்டிர் வாயிலாகப் பணி அனுப்பவும் அந்நூல் வழி கூறுகின்றது. ஆங்கிலத்தில் நூற்பவளைக் குறித்த ஸ்பின்ஸ்டர் என்னும் சொல், பிற்காலத்தில் மணமாகாத பெண்ணைக் குறிக்கலாயிற்று. முதலும் நிலமும் இல்லாதவள், மனைக்குள் இருந்தவாறே, குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில் நூற்றல். பலநாட்டிலும் அது ஆண்துணையற்ற பெண்டிர் தொழிலானமைக்கு இதுவே காரணம் எனலாம்.

புறநானூற்றில் பருத்திப் பெண்டு என்னும் பெயரால் இத்தொழிலாட்டி இருமுறை வருகின்றாள். 125-ஆம் பாடலில் வள்ளல் அளித்த விருந்தைப் புலவர் நினைவுகூர்கின்றார். சூடு தணிந்த கொழுத்த இறைச்சித் துண்டத்திற்குப் பருத்திப் பெண்டின் பனுவல் உவமையாகின்றது. 326-ஆம் பாடலில் இரவு நேரம். ஊர்வேலியருகே திரியும் காட்டுப்பூனைக்கு அஞ்சி இளம் பெட்டைக்கோழி ஒன்று கதறுகின்றது. அந்நேரத்தில், பருத்தியிலுள்ள தூசியையும் செத்தையையும் புடைத்து நீக்க எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கு ஒளியில் சேவலைக் கண்டு அச்சம் தணிகின்றது.

இவ்விரு பாடல்களும் அவளைக் கைம்பெண் எனக் கூறவில்லை. ஆயின் நற்றிணைப் பாடலோடு சேர்த்து நோக்கும்போது அவள் நிலை ஓரளவு தெளிவாகின்றது. ஊர் உறங்கும் வேளையில் அவள் மட்டும் எழுந்து உழைக்கின்றாள். அவள் விளக்கு சிறியது. எண்ணெய் அளந்து எரிப்பது. அச்சிற்றொளியில் பெட்டை தன் சேவலைக் கண்டு அமைதி பெறுகின்றது. விளக்கு ஏற்றியவளுக்கு அமைதி தரத்தக்க துணை எதனையும் பாடல் காட்டவில்லை.

5. உவமையுள் நின்ற வறுமை

மேற்கண்ட மூன்றிடங்களிலும் ஒரு பொதுவியல்பு உளது. நூற்கும் பெண் ஓரிடத்தும் பாட்டின் பொருளாக வருவதில்லை. நற்றிணையில் மேகத்திற்கும், புறம் 125-இல் இறைச்சிக்கும் அவள் ஆக்கிய பொருள் உவமையாகின்றது. புறம் 326-இல் மறக்குடி வாழும் ஊரின் பின்புலமாக அவள் நிற்கின்றாள். அப்பாடல் போற்றுவது அவளை அன்று. தன் வறுமையை அவள் தன் வாயால் ஒருமுறையும் கூறுவதில்லை.

புறம் 125-இன் உவமை இவ்வகையில் நம் சிந்தனையைத் தூண்டுகின்றது. புலவரின் பசி நீங்கிய இடம் அது. அவ்விருந்தின் செழிப்பைச் சொல்வதற்குப் பசியோடு உழைக்கும் ஒருத்தியின் கைவேலை பயன்படுகின்றது. இருவகை வறியோர் ஒரே பாடலில் அருகருகே நிற்கின்றனர். ஒருவர்க்கு விருந்து கிடைத்தது. மற்றவளுக்கு உவமையில் இடம் கிடைத்தது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? பாணனிடம் யாழ் உண்டு. புலவனிடம் சொல் உண்டு. புகழை விரும்பும் மன்னனுக்கு அவற்றை அளித்துப் பரிசிலைப் பெறலாம். ஆற்றுப்படை இக்கொடுக்கல் வாங்கலின் மேல் எழுந்த இலக்கியம். வழிகூறும் பாணன் ஒருவன், வழிச்செல்லும் பாணன் ஒருவன், வழியின் முடிவில் கொடுக்கும் மன்னன் ஒருவன் என மூவர் அதற்கு வேண்டும். நூற்கும் பெண் தருவது புகழன்று, நூல். அதனை விற்றால் விலை கிடைக்கும், பரிசில் கிடைக்காது. மேலும், அவள் மனையை விட்டு நெடுவழி செல்லவும் இயலாது. அவளை ஆற்றுப்படுத்துவார் இல்லை. அவள் செல்லத்தக்க வாயிலும் இல்லை. எனவே அவள் வறுமைக்கு இலக்கிய வகை அமையவில்லை. வறுமையின் அளவை நோக்கி வகை பிறக்கவில்லை; வறியோர் பேசத்தக்க அவையை நோக்கியே பிறந்தது.

6. சிறுவர் வறுமை உணருமாறு

சிறுவர் வறுமையை உணரும் நிலைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, வெறுங்கலத்தைக் காணும் நிலை. கலங்களைத் திறந்து பார்க்கும் சிறுவன் (160) இந்நிலையினன். அவனுக்கு வறுமை என்பது பசி, அதற்குமேல் ஒன்றுமில்லை. இரண்டாவது, தாயின் கலத்தைக் காணும் நிலை. பால் வேண்டும் புதல்வர் (250) இந்நிலையின் வாயிலில் நிற்கின்றனர், இன்னும் உட்புகவில்லை. மூன்றாவது, முன்னிருந்த வாழ்வோடு இன்றைய வாழ்வை ஒப்பிடும் நிலை. இந்நிலையைப் பாரி மகளிர் வாழ்வில் காண்கின்றோம்.

பாரி மகளிரின் தாயைப் பற்றி அவர் குறித்த பாடல்களில் குறிப்பில்லை. தந்தை இறந்தபின் கபிலர் ஒருவரே அவர்க்குத் தந்தைநிலையில் நிற்கின்றார். இருங்கோவேளிடம் அவர்களை அழைத்துச் சென்று, தாம் அவர் தந்தையின் தோழர் என்றும், இனி அவர்கள் தம் மகளிர் என்றும் கூறுகின்றார் (201). பெற்றவர் அல்லாத ஒருவர் தாங்கிய மனை அது. அம்மகளிர் பாடியதாக உள்ள 112-ஆம் பாடல், சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்பிடுகின்றது. அன்று தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இன்று குன்றைப் பிறர் கொண்டனர், தந்தையும் இல்லை. இழவும் வறுமையும் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. மெய்ப்பாட்டியலில் ஒருங்கு எண்ணப்பட்ட இரண்டும் இங்குச் சிறுமியர் வாயிலேயே ஒருங்கு வருகின்றன. பெருஞ்சித்திரனார் பாடலில் தாய் குழந்தைக்குக் காட்டிய திங்கள் பசியை மறக்கச் செய்யும் கருவி. இங்கோ அது இழந்ததை அளக்கும் அளவுகோல்.

கபிலர் பாடிய 116-ஆம் பாடல் இதனினும் நுண்ணியது. அம்மகளிர் இப்போது இருப்பது முள்வேலி சூழ்ந்து, சுரைக்கொடி படர்ந்த ஒரு சிறுவீடு. அதன் முற்றத்தில் பஞ்சு கிடக்கின்றது. அவர்கள் ஈத்திலைக் குப்பையின்மேல் ஏறி நின்று, வழிச்செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முன்னர்ப் பறம்பின்மேல் நின்று, முற்றுகையிட வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர் அவரே. எண்ணும் விளையாட்டு மாறவில்லை. ஏறி நிற்கும் இடமும் எண்ணப்படும் பொருளும் மாறின. குழந்தைமை மாறாதிருக்க, அதனைச் சுற்றியிருந்த உலகம் மட்டும் சுருங்கியதைக் கபிலர் இதனாற் காட்டுகின்றார். முற்றத்தில் கிடந்த பஞ்சும் பொருளற்ற வருணனை அன்று. செல்வம் இழந்த மகளிர் வந்துசேர்ந்த இடம், நூற்கும் பெண்டிர் வாழும் குடிசையின் அயல் எனக் கொள்ள அது இடந்தருகின்றது.

7. வள்ளுவர் கண்ட எல்லை

திருவள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில் இளிவரல் பகுதியையே மிகுதியும் விளக்குகின்றார். நற்குடிப் பிறந்தாரிடத்தும் இழிந்த சொல் பிறக்கும் சோர்வை வறுமை தரும் என்றும் (1044), நற்பொருளைத் தெளிந்து கூறினும் வறியவர் சொல் எடுபடாது என்றும் (1046) கூறுகின்றார். பின்னதை நூற்கும் பெண்ணின் அமைதிக்கு ஒரு விளக்கமாகவே கொள்ளலாம். 1047-ஆம் குறளில், அறத்தோடு இயையாத வறுமையுடையானைப் பெற்ற தாயும் அயலான்போல் நோக்குவாள் என்கின்றார். வினைத்தூய்மை அதிகாரத்தில் (656), தாயின் பசியைக் காண நேரினும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யற்க என்கின்றார். இவ்விரண்டிலும் தாய் எல்லையாக நிற்கின்றாள். உறவின் கடைசி எல்லை அவள் அன்பு; பொறுத்தற்கரியவற்றுள் கடைசி எல்லை அவள் பசி. தாய் ஒருத்தியே துணையாக உள்ள மனையில் பிள்ளை நாள்தோறும் இவ்வெல்லையிலேயே வாழ்கின்றது.

வறுமையை இளிவோடு சேர்த்துக் காணும் இக்கருத்து மேலைநாட்டுப் பொருளியலாரிடத்தும் உளது. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நாடுகளின் செல்வம் பற்றிய நூலில், தம் காலத்துக் கூலித்தொழிலாளி லினன் சட்டையின்றிப் பிறர்முன் தோன்ற நாணுவான் என்றும், ஆதலின் அது அவனுக்கு இன்றியமையாப் பொருளே என்றும் கூறினார். அமர்த்தியா சென் இக்கருத்தை விரித்து, நாணமின்றிப் பிறர்முன் தோன்ற இயலாமையை வறுமையின் கூறாகக் கொண்டார். கிணைமகள் அடைத்த கதவை அறிந்த தமிழ் மாணவர்க்கு இக்கருத்து அயலானதன்று.

8. அம்மனைப் பிள்ளை பேசிய காலம்

ஆளில் பெண்டிர் மனைக்கு இலக்கியம் அமைக்காத வாயிலை, பிற்காலத்தில் அம்மனையில் வளர்ந்த பிள்ளைகளே அமைத்தனர். 1903-இல் விருதுபட்டியில் பிறந்த காமராசர் சிறுவராய் இருந்தபோதே தந்தையை இழந்தார். தாய் சிவகாமி அம்மையார் வளர்ப்பில் இருந்த அவர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டு மாமன் துணிக்கடையில் பணிசெய்தார். அவர் முதலமைச்சராய் இருந்தபோது 1956-இல் பள்ளிச் சிறுவர்க்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1917-இல் இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். குழந்தையாய் இருந்தபோது தந்தையை இழந்து, தாய் சத்தியபாமாவோடு கும்பகோணம் வந்து, வறுமையால் இளமையிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்தார். 1982-இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். ஆதரவற்ற விதவையர்க்கு ஓய்வூதியம் வழங்கும் திட்டமும் தமிழகத்தில் 1975-இல் தொடங்கப்பெற்றது.

இத்திட்டங்களுக்கு அரசியற் காரணங்களும் பொருளியற் காரணங்களும் பல உண்டு. ஒருவர் இளமை ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எனினும் இருவர் தந்ததும் பணமன்று, கல்வி நூலன்று. சிறுவர் கலத்தில் சோறு என்பது நோக்கத்தக்கது. பள்ளியில் இடும் சோற்றின் பயன் சிறுவன் பசி தீர்தலோடு நிற்பதன்று. அவன் உண்ட வேளையில் மனையில் தாய் தன் பங்கைத் தானே உண்ணலாம். விரதம் என்னும் பொய்யைச் சொல்லவேண்டிய ஒருவேளையேனும் அவளுக்குக் குறைகின்றது.

இவ்வாராய்ச்சி நம் வகுப்பறைக்கும் உரியது. தாயின் கூலியில் பயின்று முதுகலை வகுப்புக்கு வந்த மாணவர் இன்று நம் முன் பலர் உளர். கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கும்போது வகுப்பிற்கு வாராது நின்றுவிடுதலும், காரணம் கேட்டால் உடல்நலமில்லை எனக் கூறுதலும் அடைத்த கதவின் வேறு வடிவங்களே. அவர்முன் நற்றிணை 353-ஐக் கற்பிக்கும்போது, மேகத்திற்குப் பஞ்சு உவமை, நிறமும் மென்மையும் பொதுத்தன்மை என்று கூறி நாம் கடந்துவிடுகின்றோம். உவமையின் பொதுத்தன்மையை விளக்கும் அளவிற்கு, உவமைக்குள் இருக்கும் மனிதரையும் விளக்குதல் வேண்டும். அங்ஙனம் விளக்கின், தம் தாய் சங்கப் பாட்டில் இருக்கின்றாள் என்பதை அம்மாணவர் அறிவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். இழவும் வறுமையும் தமிழ் இலக்கணத்தில் ஒரே மெய்ப்பாட்டின் நிலைக்களன்களாக இணைந்துள்ளன. பாணன் வறுமை தன் வாயால் பேசப்பட்டு ஓர் இலக்கிய வகையாயிற்று. ஆளில் பெண்டிர் வறுமை உவமையாகவும் பின்புலமாகவும் மட்டுமே நின்றது. கைம்மை நோன்பு அவள் மனையின் இன்மையைப் பிள்ளைகள் கண்ணினின்று மறைத்தது. அச்சிறுவரின் வறுமையறிவு வெறுங்கலம், தாயின் கலம், இழந்த வாழ்வு என்னும் முந்நிலைகளில் வளர்ந்தது.

நன்னூற் பாயிரத்தில் நூல் என்னும் பெயர்க்காரணம் கூறும் வெண்பா, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயை அவள் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகிக்கின்றது. பனுவல் என்னும் சொல்லையும் நூல் என்னும் சொல்லையும் அவள் தொழிலிலிருந்தே நாம் பெற்றோம். அவற்றை ஆக்கும் தொழிலைப் பெருமையாகக் கொள்ளும் நாம், அவள் சிறுவிளக்கின் அருகே உறங்கிய பிள்ளைகளின் வரலாற்றையும் ஆராய்தல் கடன். தாபத நிலைத் துறைப் பாடல்களையும் நூற்றல் பற்றிய உவமைகளையும் ஒருசேரத் தொகுத்து, காப்பியங்களிலும் தனிப்பாடல்களிலும் நாட்டார் தாலாட்டுகளிலும் இம்மனையைத் தேடுதல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.